ஒரே வெள்ளி இரண்டான கதை: பாலத்தின் இருபுறமும் சம்பளமும் வேலையும்

நம் சங்கம் பொன்விழாக் கண்ட 2024ஆம் ஆண்டில் ஜொகூர் பாலத்துக்கும் வயது நூறு. 1923இல் அதன் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜூன் 28ஆம் நாள் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தப் பாலம் நம் சமூகத்தின் பிழைப்போடு பின்னிக் கிடக்கிறது. இந்தக் கரையில் கடை, அந்தக் கரையில் சம்பந்தம். இந்தக் கரையில் வீடு, அந்தக் கரையில் வேலை என்று வாழாத குடும்பம் ஜொகூர் தமிழ் முஸ்லிம்களில் மிகக் குறைவு.

இன்று நம் கடைகளிலும் உணவகங்களிலும் அதிகம் பேசப்படுவது ஒன்றுதான்: "பையன்கள் எல்லாம் சிங்கப்பூர் போய்விடுகிறார்கள், வேலைக்கு ஆள் இல்லை." பிள்ளைகளைக் கேட்டால், "அங்கே மூன்று மடங்கு சம்பளம், இங்கே என்ன இருக்கிறது?" என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கணக்குப் பிழை என்று பார்ப்பதற்காகவே இக்கட்டுரை. வரலாற்றிலிருந்து தொடங்கினால்தான் கணக்கு சரியாக வரும்.

ஒரே சந்தையாக இருந்த காலம்

நம் முன்னோர் 'சபர்' வந்த காலத்தில் மலாயா, சிங்கப்பூர் என்று இரண்டு சம்பளம் கிடையாது. பினாங்கிலிருந்து தஞ்சோங் பகார் வரை ஒரே நாணயம் செல்லுபடியானது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறிய கப்பல் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று வரிசையாக ஆட்களை இறக்கியது. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் நம் பெரியவர்கள் முகம் மலரும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலர் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிக் குடியமர்ந்தார்கள். இராமநாதபுரம், நாகூர், புதுக்கோட்டைப் பக்கத்தவர்கள் கடை, நாணய மாற்று, உணவகம் என்று பரவினார்கள். ஓர் ஊரில் சம்பளம் குறைந்தால் ரயிலேறி அடுத்த ஊருக்குப் போய்விடலாம். ஆகவே கூலி எங்கும் பெரிதாக வேறுபடவில்லை.

அக்காலச் சம்பளத்துக்கு எழுத்தில் கிடைக்கும் அளவுகோல் தோட்டத் தொழிலாளியின் கூலிதான். 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசு நிர்ணயித்தது. மாதம் 26 நாள் வேலை செய்தால் ஆணுக்கு 13 வெள்ளி. அப்போது மலாயா வெள்ளி ஒன்றுக்கு 28 பென்ஸ். இந்திய ரூபாய்க்கு 18 பென்ஸ். அதாவது ஒரு வெள்ளி ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். 13 வெள்ளி ஊருக்குப் போனால் 20 ரூபாய். கூலியை அணாக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த ஊரில் 20 ரூபாய் என்பது பெரிய பணம். ஆனால் மலாயாவில் அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வர வேண்டும். இங்கே சாப்பிட்டது போக மிஞ்சியதுதான் ஊருக்குப் போனது. நாணய மாற்று விகிதத்தைப் பார்த்து ஆள் புறப்படுவதும், செலவைக் கழித்த பிறகு மிச்சத்தைப் பார்த்து மலைப்பதும் நம் சமூகத்துக்கு நூறாண்டுப் பழக்கம்.

அந்தக் கூலியும் நிலைக்கவில்லை. 1930இல் ரப்பர் விலை சரிந்தபோது 50 காசு 40 ஆகவும், 40 காசு 32 ஆகவும் குறைக்கப்பட்டது. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அரசுச் செலவில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் மீண்டும் கூலிக் குறைப்பு வந்தபோது இந்திய அரசு தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. வெளிநாட்டுச் சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது நம் கையில் இல்லாத விலைகளைச் சார்ந்தது என்பதை அன்றே பட்டுத் தெரிந்துகொண்டோம்.

கடைப்பையனின் சம்பளம்

தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயக் கூலி இருந்தது. கேட்க ஓர் அதிகாரி இருந்தார். கடைப்பையனுக்கு அவை இல்லை. நம்மவர்கள் பெரும்பாலோர் சொந்தக்காரர் கூப்பிட்டு, சொந்தக்காரர் கப்பல் கூலி கொடுத்து வந்தவர்கள். மாமா கடையிலோ மச்சான் கடையிலோ வேலை. கடை மாடியில் படுக்கை, முதலாளி வீட்டுச் சாப்பாடு. மாதச் சம்பளம் கையில் வராது. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் பற்று, வரவு என்று ஏறும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது கணக்குப் பார்த்துத் தொகை தருவார்கள். பெட்டி கட்டுவதும் அந்தத் தொகையில்தான்.

வேலை நேரம் என்று ஒன்று இல்லை. சுபுஹுக்குப் பின் கதவு திறந்தால் இஷாவுக்குப் பின்தான் மூடும். ஜும்ஆ நேரம் தவிர விடுமுறை கிடையாது. இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் கடினமான வாழ்க்கைதான். ஆனாலும் அந்த முறையில் ஒரு வழி திறந்திருந்தது. பத்தாண்டு நேர்மையாக உழைத்த பையனுக்குக் கடையில் பங்கு கிடைக்கும். அல்லது முதலாளியே சரக்கைக் கடனாகக் கொடுத்து அடுத்த தெருவில் ஒரு கடை வைத்துக் கொடுப்பார். இன்று ஜாலான் உங்கு புவானிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நிற்கும் பல கடைகளின் முதல் முதலாளி ஒரு காலத்துக் கடைப்பையன். சம்பளம் குறைவாக இருந்தாலும் அதன் முடிவில் ஒரு கடை காத்திருந்தது. அந்த நம்பிக்கையும் சேர்ந்ததே அக்காலச் சம்பளம்.

சட்டம் கடைக்குள் நுழைந்தது போருக்குப் பிறகுதான். 1950இல் மலாயாவில் வந்த வார விடுமுறைச் சட்டம் கடை, உணவக ஊழியருக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் ஓய்வு வேண்டும் என்றது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. முதலாளி 5 விழுக்காடு, தொழிலாளி 5 விழுக்காடு. சிங்கப்பூரில் 1955 ஜூலையில் மத்திய சேமநிதி அதே 5, 5 விழுக்காட்டுடன் தொடங்கியது. கடை ஊழியருக்கென்று தனிச் சட்டம் அங்கே 1957இல் வந்தது. சில ஆண்டு முன்பின்னாக இரு கரையிலும் ஒரே பாதைதான். இதில் மலாயாவே சற்று முன்னால் நடந்தது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது.

வெள்ளி பிரிந்தது

1965இல் அரசியல் பிரிந்தது. அதே ஆண்டில் குடியுரிமை இல்லாதவர் சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் சட்டம் அங்கே வந்தது. 1967இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஆனால் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று சமமாகவே மாற்றப்பட்டன. ஜொகூர் பாருவில் வாங்கிய சம்பளத்தைச் சிராங்கூன் சாலையில் அப்படியே செலவழிக்கலாம். யாரும் விகிதம் கேட்கவில்லை.

1973 மே மாதத்தில் மலேசியா இந்தச் சமமாற்று ஏற்பாட்டிலிருந்து விலகியது. சிங்கப்பூரும் புருணையும் அதை இன்றுவரை தொடர்கின்றன. நம் சங்கம் தோன்றியது இதற்கு அடுத்த ஆண்டில். ஆகவே நம் சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாறும், இரண்டு வெள்ளிகளும் பிரிந்து நடந்த வரலாறும் ஒரே காலத்தவை.

பிரிந்த உடனே பெரிய வேறுபாடு தெரியவில்லை. 1980இல்கூட ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ ஒரு மலேசிய வெள்ளிதான். 1990இல் ஒன்றரையை ஒட்டியது. 1997, 98 நிதி நெருக்கடிக்குப் பிறகு 2.20ஐத் தாண்டியது. 2015இல் மூன்றைத் தொட்டது. 2024 தொடக்கத்தில் மூன்றரை வரை போய்ப் பின்னர் இறங்கியது. நம் சங்கத்தை நிறுவிய பெரியவர்கள் ஒன்றுக்கு ஒன்றாகக் கண்ட வெள்ளியை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒன்றுக்கு மூன்றாகக் காண்கிறார்கள்.

சம்பளம் ஏன் விலகிப் போனது?

"அவர்கள் கெட்டிக்காரர்கள், நாம் சோம்பேறிகள்" என்று சிலர் சொல்வது வரலாறு ஆகாது. 1965இல் சிங்கப்பூரின் தனிநபர் வருமானம் ஏறத்தாழ 500 அமெரிக்க டாலர். மலேசியாவினுடையது 300க்குச் சற்று மேல். தொடக்கத்திலேயே அது துறைமுக நகரம். நாம் தோட்டமும் கம்போங்கும் சேர்ந்த பெருநாடு. ஆனால் அன்றைய சிங்கப்பூரில் வேலையின்மை பெரும் பிரச்சினையாக இருந்தது. 1968இல் பிரிட்டன் தன் இராணுவத் தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. பல்லாயிரம் பேருக்கு வேலை போகும் நிலை.

அந்த ஆண்டில் சிங்கப்பூர் கொண்டுவந்த வேலைச் சட்டத்தில் தொழிலாளி பெற்றதைவிட விட்டுக்கொடுத்ததே அதிகம். வாரத்துக்கு 44 மணி நேர வேலை பொதுவாக்கப்பட்டது. பொது விடுமுறைகள் 15இலிருந்து 11ஆகக் குறைந்தன. போனசுக்கும் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் வரம்பு வந்தது. முதலீட்டை ஈர்ப்பதே நோக்கம். தொழிற்சாலைகள் வந்தன, 1970களின் தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1972இல் தேசியச் சம்பள மன்றம் அமைத்து, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து ஆண்டுதோறும் சம்பள உயர்வைப் பரிந்துரைத்தார்கள். 1979 முதல் 1981 வரை வேண்டுமென்றே சம்பளத்தை உயர்த்தினார்கள். மலிவான ஆட்களை நம்பிய தொழில்கள் வெளியேறட்டும், இயந்திரமும் திறனும் வரட்டும் என்பது அதன் பொருள். 1979இல் திறன் மேம்பாட்டு நிதியும் வந்தது.

அதிலும் சறுக்கல் இருந்தது. 1984இல் மத்திய சேமநிதி முதலாளிக்கு 25, தொழிலாளிக்கு 25 விழுக்காடு என்று உச்சத்துக்குப் போனது. 1985இல் பொருளாதாரம் சுருங்கியதும், 1986இல் முதலாளி பங்கை 10 விழுக்காடாக வெட்டினார்கள். வெளியிலிருந்து ஆள் எடுப்பதற்குத் தீர்வை விதித்து, எண்ணிக்கைக்கு வரம்பும் வைத்தார்கள். 1981 முதல் அங்குள்ள நாணய ஆணையம் வட்டியைவிட நாணய மாற்று விகிதத்தையே முக்கியக் கருவியாகக் கொண்டு விலைவாசியைக் கட்டுப்படுத்தியது. காலப்போக்கில் அந்த வெள்ளி உயர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

நம் பக்கத்தில் வேறு பாதை. 1970களில் தடையற்ற வர்த்தக மண்டலங்களும் எண்ணெய் வருவாயும் வந்தன; வளர்ச்சியும் இருந்தது. ஆனால் தோட்டம், கட்டுமானம், உணவகம் ஆகிய துறைகளில் ஆள் பற்றாக்குறை வந்தபோது சம்பளம் உயருவதற்கு முன்பே வெளிநாட்டுத் தொழிலாளி வந்துவிட்டார். 1984இல் இந்தோனேசியாவுடன் மேடான் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1990களில் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். நம் உணவகங்களும் தமிழ்நாட்டு ஆட்களைக் கொண்டே ஓடின. சம்பளத்தின் அடித்தட்டு பல ஆண்டு அசையாமல் இருந்தது. 2013இல்தான் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் 1,000, 2019இல் 1,100, 2022 மே முதல் 1,500. 2025 பிப்ரவரி முதல் 1,700 ஆனது. சிங்கப்பூரில் நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் இல்லை. துப்புரவு, காவல், சில்லறை வணிகம், உணவுச் சேவை என்று துறைதோறும் படிப்படியான சம்பள முறை வைத்திருக்கிறார்கள். அதுவும் உள்ளூர்க்காரருக்கே.

அப்படியானால் மலேசியருக்கு அங்கே இவ்வளவு கிராக்கி ஏன்? தமிழ்நாட்டிலிருந்து ஒருவரைக் கட்டுமானத்துக்கோ கப்பல் பட்டறைக்கோ அங்கே எடுக்கலாம். கடைக்கும் உணவகத்துக்கும் வேலை அனுமதியில் எடுப்பது கடினம். 2023 செப்டம்பரில்தான் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு ஒரு சிறு வழி திறந்தது. மலேசியருக்கு அந்தத் தடை இல்லை. தமிழ், மலாய், கொஞ்சம் ஆங்கிலம் பேசி, ஹலால் சமையல் அறிந்து, மறுநாளே வேலைக்கு வரக்கூடிய ஆள் நம் பிள்ளை. நம்முடைய கடையில் கற்ற தொழிலுக்குத்தான் அங்கே விலை.

மூன்று மடங்கு என்பது எவ்வளவு?

பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்த காலத்தில் நம்முடன் படித்தவர்களில் பலர் சான்றிதழ் கைக்கு வரும் முன்பே பாலம் தாண்டிவிட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கு ஒரே வரிதான்: அங்கத்திய சம்பளத்தை மாற்று விகிதத்தால் பெருக்கு. வணிகத்துக்கு வந்த பிறகு, வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு கணக்கே அல்ல என்று தெரிகிறது. ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட தொகைகள். அவரவர் தம் தொகையை இட்டுப் பார்க்கலாம்.

ஜொகூர் பாருவில் ஒருவருக்குச் சம்பளம் 2,000 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, 220 வெள்ளி. சொக்சோ போன்ற சிறு பிடித்தங்களை விட்டால் கையில் வருவது 1,780. சிங்கப்பூரில் அவருக்கு 1,800 சிங்கப்பூர் வெள்ளி கிடைக்கிறது என்போம். விகிதம் 3.30 என்றால் 5,940 மலேசிய வெள்ளி. கைக்கு வருவதை மட்டும் பார்த்தால் மூன்றேகால் மடங்குக்கும் மேல்.

இப்போது விட்டுப்போனவற்றைச் சேர்ப்போம். இங்கே முதலாளி அவருக்காகச் சேமநிதியில் 13 விழுக்காடு, 260 வெள்ளி கட்டுகிறார். அவர் பிடித்தமும் அவர் பணமே. ஆக உண்மைச் சம்பளம் 2,260. வேலை அனுமதியில் போகும் மலேசியருக்குச் சிங்கப்பூரில் மத்திய சேமநிதி கிடையாது, 5,940தான் முழுத்தொகை. அதில் பேருந்து, அங்கத்திய சாப்பாடு என்று 600 வெள்ளி கழித்தால் 5,340.

அடுத்தது நேரம். இங்கே 2023 ஜனவரி முதல் சட்டப்படி வாரம் 45 மணி. 26 நாளுக்கு 195 மணி. அங்கே வாரம் 44 மணி. 26 நாளுக்கு ஏறத்தாழ 191 மணி. ஆனால் விடியற்காலை எழுந்து, இரு சோதனைச் சாவடியிலும் வரிசையில் நின்று, இரவு அதே வழியில் திரும்ப நாளுக்கு 4 மணி நேரம் என்றால் மாதம் 104 மணி. ஆக அவர் கொடுப்பது 295 மணி. ஒரு மணி நேரத்துக்கு இங்கே 11 வெள்ளி 59 காசு. அங்கே 18 வெள்ளி 10 காசு. மூன்றேகால் மடங்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. பயணம் வேண்டாமென்று அங்கேயே 500 சிங்கப்பூர் வெள்ளிக்கு அறை எடுத்தாலும் மணிக்கு 19 வெள்ளி 32 காசுதான். குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இதைப் படித்து நம் கடைக்காரர்கள் "பார்த்தாயா, ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை" என்று சொல்லிவிட முடியாது. ஒன்றரை மடங்கும் பெரிய வித்தியாசம்தான். குடும்பக் கடன், தங்கையின் திருமணம் என்று கையில் ரொக்கம் தேவைப்படுகிறவருக்கு 5,940தான் கண்ணில் படும். அதில் தவறு ஒன்றும் இல்லை. மேலும், நாம் இங்கே எடுத்துக்கொண்டது சட்டப்படி நடக்கும் ஒரு கடையை. நாளுக்கு 12 மணி நேரம் வேலை, சேமநிதி இல்லை, கையில் 2,000 வெள்ளி என்றால் கணக்கு வேறு. 26 நாளுக்கு 312 மணி. மணிக்கு 6 வெள்ளி 41 காசு. அப்போது அங்கத்திய சம்பளம் உண்மையாகவே மூன்று மடங்கை நெருங்குகிறது. பாலத்தில் நிற்கும் பையனின் பயண நேரத்தையும் சேர்த்து நாள் முழுவதும் போகிறது என்கிறோம். பன்னிரண்டு மணி நேரக் கடையில் நிற்கும் பையனுக்கும் அதே அளவு நாள் போகிறது. பணம் மட்டும் வருவதில்லை. சிங்கப்பூர் வெள்ளி மட்டும் ஆளை இழுக்கவில்லை; நம் பக்கத்து வேலை நேரமும் சேர்ந்து தள்ளுகிறது.

கதவு அடைபட்ட இரண்டு ஆண்டு

சம்பளக் கணக்கில் வராத ஒன்றை 2020 காட்டியது. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்துகொண்டிருந்த எல்லை ஓரிரு நாளில் வெறிச்சோடியது. துணிமணி ஒரு பையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் தங்கியவர்கள் பிள்ளை முகம் காணாமல் மாதக்கணக்கில் இருந்தார்கள். ஆகஸ்டில் தொடங்கிய சிறப்பு ஏற்பாட்டிலும் குறைந்தது 90 நாள் அங்கே தங்கி வேலை பார்த்த பிறகே வீடு வரலாம். 2021 நவம்பர் 29இல் தரைவழிப் பயணம் சிறிதளவு திறந்தது. 2022 ஏப்ரல் முதல் நாள்தான் எல்லை முழுதும் திறந்தது. ஜனாஸாவுக்கு வர இயலாமல் கைபேசியில் முகம் பார்த்தவர்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு.

வேலை அனுமதி முதலாளியைச் சார்ந்தது. வேலை போனால் அனுமதியும் போகும். இருபது ஆண்டு அங்கே உழைத்து ஐம்பது வயதில் திரும்புகிறவரின் ஊழியர் சேமநிதிப் புத்தகம் வெறுமையாக இருப்பதை நாம் காண்கிறோம். அதே வேளையில், இங்கே இருந்தவர்களும் அந்த இரண்டாண்டில் பாதுகாப்பாக இல்லை. சேமநிதியோ சொக்சோவோ கட்டப்படாத கடை ஊழியர் கடை அடைத்த நாளிலேயே வருமானம் இழந்தார்; அரசு உதவி கேட்கவும் அவரிடம் பதிவு இல்லை. எழுத்தில் இல்லாத வேலைக்கு இரு கரையிலும் ஒரே நிலைதான்.

நம் முன் உள்ள கேள்வி

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரையிலான விரைவு ரயில் 2026 இறுதியில் தொடங்கும் என்று 2024இல் சொன்னார்கள். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம். பயண நேரம் நாளுக்கு 4 மணியிலிருந்து 2 மணியாகக் குறைந்தால், மேலே போட்ட கணக்கில் அங்கத்திய சம்பளம் மணிக்கு ஏறத்தாழ 22 வெள்ளியாகும். ஒன்றரை மடங்கு இரண்டு மடங்கை நெருங்கும். 2024 ஜனவரியில் ஜொகூர், சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. இந்தப் பக்கமும் நல்ல சம்பள நிறுவனங்கள் வரக்கூடும். எப்படிப் பார்த்தாலும், நம் கடைகள் ஆளுக்காகப் போட்டியிட வேண்டிய காலம் இனிமேல்தான் வருகிறது.

சிங்கப்பூர்ச் சம்பளத்தை ஒரு மளிகைக் கடையோ உணவகமோ தர முடியாது. அங்கே தேநீர் விற்கும் விலைக்கு இங்கே விற்க இயலாது என்பதை யாவரும் அறிவோம். ஆனால் அங்கே கிடைக்காத சிலவற்றை இங்கே தர முடியும்.

முதலாவது, எழுத்தில் வேலை. சம்பளம், வேலை நேரம், வார ஓய்வு, சேமநிதி, சொக்சோ ஆகியவை ஒரு தாளில் இருக்க வேண்டும். மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்கு மிகைநேரச் சம்பளம் சட்டப்படி உண்டு. கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று நம் மார்க்கம் கற்பித்ததும் இதற்குள் அடங்கும்.

இரண்டாவது, நேரம். பன்னிரண்டு மணி நேரத்தை இரண்டு முறையாகப் பிரித்து ஓட்டும் உணவகங்கள் நம்மிடையே இப்போதே உண்டு. மாலையில் வீடு திரும்பி, பிள்ளைகளோடு மஃரிப் தொழ முடிவது, பாலத்தில் நிற்கிறவருக்குக் கிடைக்காத ஊதியம்.

மூன்றாவது, பங்கு. நம் பாட்டன்மார் காலத்துக் கடைப்பையனுக்கு முடிவில் ஒரு கடை காத்திருந்தது. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவர் இருபதாண்டு கழித்தும் ஊழியர்தான். இங்கே ஐந்தாண்டு உழைத்தவருக்கு இலாபத்தில் இத்தனை விழுக்காடு, பத்தாண்டில் கிளைக் கடையில் கூட்டு என்று எழுதிக் கொடுக்கலாம். பழைய முறையில் அது முதலாளியின் மனத்தைப் பொறுத்திருந்தது. இன்றைய பிள்ளைகள் ஒப்பந்தமாகக் கேட்பார்கள். கேட்பது நியாயமே.

போகிற பிள்ளைகளுக்கும் சில சொல்ல வேண்டும். போவது குற்றமல்ல; நம் குலமே சபர் வந்த குலம். அங்கே வாங்கும் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் இங்கே ஊழியர் சேமநிதியில் தாமாகவே கட்டுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. அனுமதிச் சீட்டில் எழுதிய சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் ஒன்றா என்று பாருங்கள். விகிதம் மூன்று என்று வாழ்க்கைச் செலவையும் மூன்று மடங்காக்கிக் கொள்ளாதீர்கள். 1930இல் கூலி குறைந்ததும் 1986இல் சேமநிதி வெட்டுப்பட்டதும் யாரையும் கேட்டு நடக்கவில்லை. அங்கே கற்கும் கணக்கு, கணினி, சமையலறை ஒழுங்கு ஆகியவற்றைத் திரும்பும்போது கொண்டுவந்தால் அது எந்த விகிதத்திலும் குறையாத சேமிப்பு.

நம் சங்கம் இதுவரை கல்வி உதவி, ஜனாஸா உதவி, நோன்புக் கஞ்சி என்று செய்து வந்துள்ளது. அடுத்த கட்டமாக, வேலை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், சேமநிதிக் கணக்குத் திறக்க உதவவும், கடைக்காரரையும் இளைஞரையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசவும் மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் நல்லது. இருவரும் நம் பிள்ளைகள்தான். ஆள் இல்லாமல் அடையும் கடையும் நம்முடையது. பாலத்தில் நின்றே கழியும் இளமையும் நம்முடையது. இரண்டையும் காப்பதற்கு வல்ல இறைவன் நமக்குத் துணை நிற்பானாக. ஆமீன்.